நிணநீர் வீக்கத்தை அளந்து அறிதல்: நோயாளிக்கும் உடனிருப்போருக்கும் ஒரு வழிகாட்டி

கையிலோ காலிலோ உள்ள வீக்கம் நிணநீர் வீக்கம் என்று மருத்துவர் கூறியதும், பெரும்பாலோர் முதலில் கேட்பது அதைக் குணப்படுத்த என்ன மாத்திரை என்பதைத்தான். அப்படி ஒரு மாத்திரை இன்றுவரை இல்லை. ஆனால் முறையாகக் கவனித்தால் வீக்கத்தைக் கணிசமாகக் குறைக்கவும், குறைத்த அளவிலேயே பல ஆண்டுகள் வைத்திருக்கவும், தொற்றுகளைத் தவிர்க்கவும் முடியும். லிம்ஃபிடீமா என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்த நோயைப் புதிதாக எதிர்கொள்பவர்களும், அவர்களுக்காக ஆய்வுச் செய்திகளைத் தேடிப் படிக்கும் உறவினர்களும் எந்த வரிசையில் எதைச் செய்யலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இதில் அளவெடுப்புக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். தன் கையின் கன அளவைத் தானே அறிந்திருக்கும் நோயாளிக்குச் சிகிச்சை பலனளிக்கிறதா என்பதும் தெரியும். ஆய்வு முடிவு ஒன்றைப் படிக்கும்போது அது எதைச் சொல்கிறது என்பதும் புரியும்.

நிணநீர் என்ற சொல் வரும் எல்லா நோய்களும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். லிம்போமா என்பது நிணநீர்ச் செல்களில் தோன்றும் புற்றுநோய். காய்ச்சலின்போது கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டுவது நிணநீர்க்கணு தொற்றோடு போராடுவதன் அறிகுறி. இந்தக் கட்டுரை அவ்விரண்டையும் பற்றியதன்று. நிணநீர் ஓட்டம் தடைப்பட்டு உறுப்பு வீங்குவதைப் பற்றியது.

முதல் படி: நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது

இரத்த நுண்குழாய்களின் சுவர் வழியாக நீரும் சிறிதளவு புரதமும் ஓயாமல் திசுக்களுக்குள் கசிந்துகொண்டிருக்கின்றன. இக்கசிவை நிர்ணயிக்கும் அழுத்தங்களை 1896-இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் விளக்கினார். அதன் அடிப்படையில் எழுதப்பட்ட பாடநூல்கள், கசிந்த நீரில் பெரும்பகுதி நுண்குழாயின் சிரைப் பக்க முனையிலேயே மீண்டும் உறிஞ்சப்படுகிறது என்றும், எஞ்சிய சிறு பங்கு மட்டுமே நிணநீராகிறது என்றும் நெடுங்காலம் கூறிவந்தன. லெவிக், மிச்செல் ஆகிய இருவரும் 2010-இல் வெளியிட்ட மறுபரிசீலனை இந்தச் சித்திரத்தை மாற்றியது. பெரும்பாலான திசுக்களில் அத்தகைய மீளுறிஞ்சல் நீடித்து நடப்பதில்லை. கசிந்த நீர் ஏறக்குறைய முழுவதும் நிணநீர் நாளங்கள் வழியாகவே வெளியேற வேண்டியிருக்கிறது. இதயக் கோளாறாலோ சிரைக் கோளாறாலோ ஏற்படும் வீக்கத்திலும்கூட, கசிவின் வேகத்துக்கு நிணநீர் நாளங்களால் ஈடுகொடுக்க முடியாமல் போவது ஒரு பங்கு வகிக்கிறது என்பது இதன் பொருள்.

தோலுக்கு அடியில் தொடங்கும் மிக மெல்லிய நாளங்கள், திசுவில் நீர் மிகும்போது செல்களுக்கு இடையிலான இடைவெளிகளைத் திறந்து அதை உள்ளே வாங்குகின்றன. அங்கிருந்து நிணநீர், வால்வுகளும் தசைச்சுவரும் கொண்ட சேகரிப்பு நாளங்களுக்குள் செல்கிறது. இரண்டு வால்வுகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு துண்டும் தானாகவே சுருங்கி, நீரை அடுத்த துண்டுக்குத் தள்ளுகிறது. நிணநீருக்குத் தனியாக இதயம் இல்லை. இந்தத் துண்டுகளின் சுருக்கமும், நடக்கும்போதும் மூச்சு விடும்போதும் உண்டாகும் அழுத்த மாற்றங்களுமே அதை நகர்த்துகின்றன. வழியில் நிணநீர்க்கணுக்களைக் கடந்து, இரு கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் உடலின் இடது மேற்பாதியிலிருந்தும் வரும் நிணநீர் மார்பு நிணநாளம் வழியாக இடது கழுத்தின் அடியில் உள்ள சிரையில் சேர்கிறது. வலது கை, தலை கழுத்தின் வலப்பக்கம், மார்பின் வலப்பக்கம் ஆகியவற்றுக்கு வலப்புறத்தில் தனி வழி உண்டு. 1622-இல் காஸ்பாரே அசெல்லி ஒரு நாயின் குடலில் பால்நிற நாளங்களைக் கண்டது முதல், 1651-இல் ஜான் பெக்கே மார்பு நிணநாளத்தை விவரித்தது வரையிலான முப்பது ஆண்டுகளில் இப்பாதையின் அடிப்படை வரைபடம் உருவாகிவிட்டது.

பாதை எங்கே தடைப்படுகிறது என்பதைப் பொறுத்து நோய் இரு வகைப்படும். பிறவியிலேயே நாளங்கள் குறைவாகவோ குறைபாட்டுடனோ அமைந்திருந்தால் அது முதன்மை வகை. 1892-இல் வில்லியம் மில்ராய் ஒரு குடும்பத்தில் விவரித்த பிறவிக் கால் வீக்கத்துக்கு, நிணநீர் நாளங்களின் வளர்ச்சியைத் தூண்டும் சமிக்ஞையை ஏற்கும் மரபணு ஒன்றில் ஏற்படும் பிறழ்வே காரணம் என்பது நூறாண்டுகளுக்குப் பின் தெரியவந்தது. முதன்மை வகை பிறந்தவுடன் மட்டுமல்லாமல் பருவ வயதிலும், 35 வயதுக்குப் பின்னும்கூட வெளிப்படலாம். புற்றுநோய்க்காக நிணநீர்க்கணுக்களை அகற்றுதல், கதிர்வீச்சு, காயம், திரும்பத் திரும்ப வரும் தொற்று, கடும் உடற்பருமன், யானைக்கால் நோயை உண்டாக்கும் ஃபைலேரியா புழுக்கள் ஆகியவற்றால் வருவது இரண்டாம் வகை.

தேங்கிய நிணநீர் வெறும் நீராக நின்றுவிடுவதில்லை. அதிலுள்ள புரதங்களும் செல்களும் அழற்சியைத் தூண்ட, காலப்போக்கில் நார்த்திசுவும் கொழுப்பும் படிகின்றன. இதனால்தான் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் இந்நோய்க்குப் பயன்படுவதில்லை: அவை நீரை வெளியேற்றுமே தவிர, புரதத்தையும் நாரையும் கொழுப்பையும் தொடுவதில்லை. வேறு காரணத்துக்காக மருத்துவர் அவற்றைக் கொடுத்திருந்தால், தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

இரண்டாம் படி: இது நிணநீர் வீக்கம்தானா என்று உறுதிசெய்தல்

ஒரு கால் திடீரென்று, ஓரிரு நாட்களுக்குள் வலியோடு வீங்கினால் அது ஆழ்சிரையில் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அது அவசர நிலை, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரு கால்களும் ஒரே அளவில் வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றையும், உட்கொள்ளும் மருந்துகளையும் முதலில் சோதிப்பார்கள். இரத்த அழுத்தத்துக்காகக் கொடுக்கப்படும் அம்லோடிபின் போன்ற மருந்துகள் கணுக்கால் வீக்கத்தை உண்டாக்குவது பலருக்கும் தெரிவதில்லை. பாதங்கள் வீங்காமல் இடுப்பு முதல் கணுக்கால் வரை இருபுறமும் வலியோடு கொழுப்பு சேர்ந்திருந்தால் அது லிபிடீமா என்ற வேறொரு நிலையாக இருக்கலாம். புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தவருக்கு, அமைதியாக இருந்த வீக்கம் சட்டென்று பெருகி, வலியோ கை பலவீனமோ சேர்ந்தால், நோய் திரும்பியுள்ளதா என்று பார்த்த பிறகே வீக்கத்துக்கான சிகிச்சையைத் தொடர வேண்டும்.

வீட்டிலேயே செய்துபார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கால் பெருவிரலுக்கு அடுத்த விரலின் அடிப்பகுதியில் மேல்புறத் தோலை இரு விரல்களால் மடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். கையில் என்றால் கைவிரலின் அடிப்பகுதியில் செய்யலாம். தோல் தடித்துத் தூக்க வராமல் இருந்தால், ஸ்டெம்மர் அறிகுறி எனப்படும் இது நிணநீர் வீக்கத்தை வலுவாகச் சுட்டுகிறது. தோல் எளிதாக மடிந்துவிட்டால் நோயே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. தொடக்க நிலையில் அது இயல்பாகவே இருக்கலாம்.

பலருக்கு மருத்துவர் கேட்கும் விவரங்களும் நேரடிப் பரிசோதனையுமே போதும். ஐயம் இருந்தால், கதிரியக்கத் தெக்னீசியம் ஏற்றிய நுண்துகள்களை விரலிடுக்கில் செலுத்தி அவை மேலே செல்லும் வேகத்தைப் படமெடுக்கும் சோதனை செய்யப்படுகிறது. இண்டோசயனின் பச்சை என்ற சாயத்தைச் செலுத்தி அகச்சிவப்புக்கு நெருங்கிய ஒளியில் பார்க்கும் முறை, தோலுக்கு அருகிலுள்ள நாளங்களை அவை இயங்கும்போதே காட்டுகிறது. நேர்கோடுகளாகத் தெரிய வேண்டிய நாளங்களுக்குப் பதிலாகச் சாயம் தோலில் மேகம்போலப் பரவியிருந்தால், நிணநீர் பின்னோக்கிக் கசிகிறது என்று பொருள்.

நோயின் நிலையை, 1966-இல் தொடங்கப்பட்ட சர்வதேச நிணநீரியல் சங்கம் 0 முதல் 3 வரை வகுத்திருக்கிறது. நிலை 0-இல் ஓட்டம் குறைந்திருக்கும், வீக்கம் தெரியாது. கனமாக இருப்பதுபோன்ற உணர்வு மட்டும் இருக்கலாம். நிலை 1-இல் உறுப்பை உயர்த்தி வைத்தால் வீக்கம் வடியும். நிலை 2-இல் உயர்த்துவதால் மட்டும் வடியாது. அதன் பிற்பகுதியில் விரலால் அழுத்தினாலும் குழி விழாது, நாரும் கொழுப்பும் மிகுந்திருப்பதே காரணம். நிலை 3-இல் தோல் தடித்து, மருக்கள் போன்ற வளர்ச்சிகள் தோன்றும். உங்கள் நிலை எது என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் அதைச் சார்ந்தது.

மூன்றாம் படி: அளவெடுத்துப் பதிவுசெய்தல்

இதற்குத் தேவையானவை தையல் அளவு நாடா, அழியும் மை, ஒரு நோட்டு ஆகிய மூன்றே. மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி 4 செ.மீ. இடைவெளியில் கையில் புள்ளிகள் இட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் சுற்றளவை எடுக்க வேண்டும். காலுக்குக் கணுக்காலிலிருந்து தொடங்கலாம். நாடா தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. வீங்காத கையையும் அதே முறையில் அளப்பது கட்டாயம், ஏனெனில் உடல் எடை கூடினாலும் குறைந்தாலும் இரு கைகளும் சேர்ந்தே மாறும். ஒரு கையை மட்டும் அளப்பவர், எடை கூடியதை நோய் முற்றியதாக எண்ணிக்கொள்வார். எப்போதும் நாளின் ஒரே வேளையில், இயன்றவரை ஒரே நபர் அளப்பது நல்லது. மாலையில் வீக்கம் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும் என்பதால் காலை அளவையும் மாலை அளவையும் ஒப்பிட்டுக் கலங்கத் தேவையில்லை.

சுற்றளவுகளிலிருந்து கன அளவைக் கணக்கிடுவது கடினமன்று. அடுத்தடுத்த இரு சுற்றளவுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தி, அவ்விரண்டையும் ஒன்றோடொன்று பெருக்கிய தொகையையும் சேர்த்துக் கூட்டி, 9.42-ஆல் வகுத்தால் 4 செ.மீ. நீளமுள்ள அந்தத் துண்டின் கன அளவு மி.லி. கணக்கில் கிடைக்கும். சுற்றளவுகள் 24 செ.மீ., 26 செ.மீ. என்றால் 576, 676, 624 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 1,876, அதை 9.42-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 199 மி.லி. எல்லாத் துண்டுகளையும் கூட்டினால் கையின் மொத்தக் கன அளவு வந்துவிடும். இரு கைகளுக்கும் இடையே 10 சதவீதமோ 200 மி.லி.யோ வேறுபாடு இருப்பதை ஆய்வுகளில் பெரும்பாலும் நிணநீர் வீக்கத்தின் வரம்பாகக் கொள்கிறார்கள். ஆனால் வழக்கமாக வேலை செய்யும் கை இயல்பிலேயே சற்றுப் பெரிதாக இருக்கும் என்பதால், புற்றுநோய் அறுவைக்கு முன்பே இரு கைகளையும் அளந்து வைத்திருப்பது பிற்காலத்தில் பெரும் உதவியாக இருக்கும். அறுவைக்காகக் காத்திருப்பவர் இதைப் படித்தால், இன்றே அளந்துவிடலாம்.

நாடாவுக்குத் தெரியாத தொடக்க நிலையைக் கண்டறிய, மிகச்சிறு மின்னோட்டத்தைச் செலுத்தித் திசுநீரின் அளவை மதிப்பிடும் உயிர்மின்தடை அளவி உதவுகிறது. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் பெண்களைத் தொடர்ந்து கண்காணித்த ஒரு பெரிய சோதனையின் இறுதி முடிவு 2022-இல் வெளிவந்தது. வீக்கத்தின் முதல் சாயல் தெரிந்தவுடன் 4 வாரங்கள், நாளொன்றுக்கு 12 மணி நேரம் கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை அணிவிக்கப்பட்டவர்களில், உயிர்மின்தடை அளவியால் கண்காணிக்கப்பட்ட பிரிவில் 7.9 சதவீதத்தினருக்கும், நாடாவால் கண்காணிக்கப்பட்ட பிரிவில் 19.2 சதவீதத்தினருக்கும் நோய் நாட்பட்ட நிலையை அடைந்தது. சீக்கிரம் கண்டுபிடிப்பது எவ்வளவு பயன் தருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இத்துறையில் குறைவு. அந்தக் கருவி கிடைக்காவிட்டாலும், ஒழுங்காகப் பயன்படுத்தப்படும் நாடா எதுவும் இல்லாததைவிட எவ்வளவோ மேல்.

நான்காம் படி: வடித்தல், பின் தக்கவைத்தல்

அடிப்படைச் சிகிச்சை இரு கட்டங்களாக நடக்கிறது. முதல் கட்டம் பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்கள்: பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் தோலைப் பராமரித்து, நிணநீரை நகர்த்தும் மென்மையான பிடித்துவிடலைச் செய்து, பல அடுக்குக் கட்டுகளைப் போட்டு, கட்டோடு செய்ய வேண்டிய உடற்பயிற்சிகளைக் கற்றுத்தருவார். இதற்கான கட்டுத்துணி சுளுக்குக்குப் போடும் அதிகம் இழுபடும் துணியன்று, நீட்சி குறைந்தது. ஓய்வில் குறைவாக அழுத்தி, தசை சுருங்கும்போது அதற்கு எதிராக உறுதியாக நிற்பதே அதன் பயன். இரண்டாம் கட்டம் வாழ்நாள் முழுவதற்குமானது: அளவெடுத்துத் தைத்த அழுத்த உறையைப் பகலில் அணிவது, தோலைப் பேணுவது, உடற்பயிற்சி செய்வது. உறை தளர்ந்துவிடுவதால் சுமார் 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். முதல் கட்டத்தில் வடித்த வீக்கத்தை உறையில்லாமல் விட்டால் அது திரும்பி வந்துவிடும். பலர் தோற்பது இங்கேதான்.

கால்களில் தமனி அடைப்பு உள்ளவர்களுக்கு அழுத்தம் தீங்கு செய்யும். கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை இரத்த அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் 0.5-க்குக் கீழே இருந்தால் வழக்கமான அழுத்தக் கட்டு கூடாது. கட்டுப்பாட்டில் இல்லாத இதயச் செயலிழப்பு இருப்பவர்களும் இதய மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

பிடித்துவிடும் முறையை 1930-களில் எமில் வோடர் தம்பதியர் வளர்த்தெடுத்தார்கள். அது இதமானது, பாதுகாப்பானது. ஆனால் மொத்தச் சிகிச்சையில் அதன் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை. மார்பகப் புற்றுநோய்க்குப் பின் கை வீங்கிய 103 பெண்களிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான சோதனையில், பிடித்துவிடலும் கட்டுகளும் அடங்கிய முழுச் சிகிச்சை மிகைக் கன அளவை (வீங்காத கையைவிடக் கூடுதலாக உள்ள அளவை) 29 சதவீதமும், அழுத்த உறை மட்டும் 22.6 சதவீதமும் குறைத்தன. அந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவில்லை. நேரமும் பணமும் குறைவாக உள்ளவர் எதை விடலாம், எதை விடக் கூடாது என்று கேட்டால், அழுத்தத்தை விடக் கூடாது என்பதே என் கணிப்பு.

உடற்பயிற்சியைப் பற்றிய பழைய அச்சம் பெரும்பாலும் கலைந்துவிட்டது. வீங்கிய கையால் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் கண்டிப்பாகச் சொல்லப்பட்டது. 141 பெண்கள் பங்கேற்று 2009-இல் வெளியான சோதனையில், வாரம் இருமுறை மேற்பார்வையோடு படிப்படியாக எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. நோய் தீவிரமடைந்த நிகழ்வுகள் அவர்களில் 14 சதவீதத்தினருக்கும், எடை தூக்காதவர்களில் 29 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டன. அதுபோலவே, அறுவை நடந்த பக்கத்துக் கையில் இரத்தம் எடுப்பது, இரத்த அழுத்தம் பார்ப்பது, விமானத்தில் பறப்பது ஆகியவற்றால் கன அளவு கூடுகிறதா என்று 632 பேரிடம் எடுத்த 3,041 அளவீடுகளைக் கொண்டு ஆராய்ந்த 2016-ஆம் ஆண்டு ஆய்வில் அத்தகைய தொடர்பு தெரியவில்லை. தோல் தொற்றும் உடல் எடை மிகுதியும், அக்குள் கணுக்களை முழுவதும் அகற்றியதும்தான் வீக்கத்தோடு தொடர்புடையனவாக இருந்தன. மறு கை இருக்கும்போது அதையே ஊசிக்கு நீட்டுவதில் தவறில்லை. ஆனால் அவசரத்தில் ஊசி போட்டுவிட்டார்கள் என்று வருந்திக்கொண்டிருக்கத் தேவையில்லை.

ஐந்தாம் படி: தொற்றுக்கு முன்கூட்டியே திட்டமிடுதல்

நிணநீர் தேங்கிய தோலில் கிருமி புகுந்தால் அது வேகமாகப் பரவும். ஒவ்வொரு தொற்றும் எஞ்சியுள்ள நாளங்களைச் சிதைத்து, அடுத்த தொற்றுக்கு வழிவிடுகிறது. தோல் சிவந்து, சூடாகி, வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தால் காத்திருக்காமல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொடங்க வேண்டும். தொற்று தணியும் வரை பிடித்துவிடலை நிறுத்திவைக்க வேண்டும். சிவப்பின் எல்லையைப் பேனாவால் கோடிட்டு வைத்தால், மருந்து வேலை செய்கிறதா என்பது மறுநாளே தெரியும். பயணத்தின்போது என்ன செய்வது, எந்த மருந்துக்கு ஒவ்வாமை உண்டு என்பதையெல்லாம் நலமாக இருக்கும்போதே மருத்துவரிடம் பேசி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அடிக்கடி தொற்று வருபவர்களுக்குக் குறைந்த அளவு பெனிசிலினை நீண்ட நாள் கொடுப்பது பலன் தருகிறது, ஆனால் நிறுத்தியதும் அந்தப் பாதுகாப்பு மங்கிவிடுகிறது. காலில் நாட்பட்ட வீக்கத்தோடு திரும்பத் திரும்பத் தொற்று கண்டவர்களைக் கொண்டு நடத்தி 2020-இல் வெளியான ஒரு சோதனையில், அழுத்த உறை அணிந்தவர்களில் 15 சதவீதத்தினருக்கும் அணியாதவர்களில் 40 சதவீதத்தினருக்கும் மீண்டும் தொற்று வந்தது. வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனை முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

யானைக்கால் நோயிலும் இதுவே பொருந்தும். கொசுவால் பரவும் ஃபைலேரியா புழுக்களுக்கு எதிராக டைஎத்தில்கார்பமசின், அல்பெண்டசோல், ஐவர்மெக்டின் ஆகிய மருந்துகளைக் கூட்டாகக் கொடுத்து நோய் பரவுவதைத் தடுக்கும் உலகளாவிய திட்டத்தை உலக சுகாதார நிறுவனம் 2000-இல் தொடங்கியது. அம்மருந்துகள் இரத்தத்தில் உள்ள புழுக்குஞ்சுகளை ஒழித்துப் பரவலைத் தடுக்கின்றன. ஏற்கெனவே வீங்கிய காலை அவை பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. காலைத் தினமும் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்து, வெடிப்புகளுக்கு மருந்திடுவதுதான் காய்ச்சலோடு வரும் கடும் தாக்குதல்களைக் குறைக்கிறது.

ஆறாம் படி: அறுவையைப் பற்றி எப்போது கேட்கலாம்

அறுவை முறைகள் இரு வேறு பிரச்சினைகளுக்கானவை என்பதைப் புரிந்துகொண்டால் குழப்பம் பாதி தீரும். நீர் இன்னும் நீராக இருக்கும் தொடக்க நிலைகளில் ஓட்டத்தைச் சீராக்க முயல்வார்கள். 1 மி.மீ.க்கும் குறுகிய நிணநாளத்தை அருகிலுள்ள நுண்சிரையோடு நுண்ணோக்கியின் உதவியால் இணைப்பது ஒரு முறை. உடலின் வேறிடத்திலிருந்து நிணநீர்க்கணுவை அதன் இரத்த நாளங்களோடு எடுத்துப் பதிப்பது மற்றொன்று. நாரும் கொழுப்பும் படிந்துவிட்ட பிறகு, ஓட்டத்தைச் சீராக்கினாலும் படிந்தது கரையாது. அப்போது ஸ்வீடனில் ஹோக்கன் பிரோர்சன் வளர்த்தெடுத்த உறிஞ்சுமுறை அறுவை அந்தக் கொழுப்பை அகற்றுகிறது. அதற்குப் பின்னும் அழுத்த உறையை இடையறாது அணிய வேண்டும். எந்த அறுவையைப் பரிந்துரைத்தாலும், அதற்குப் பின் உறையை விட்டுவிட முடியுமா என்று நேரடியாகக் கேளுங்கள். முடியும் என்று உடனே உறுதிகூறுபவரிடம் இன்னும் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கும்.

இத்துறையின் பெரிய வெற்றி என்னவோ நோயே வராமல் தடுத்ததுதான். அக்குளின் எல்லாக் கணுக்களையும் அகற்றுவதற்குப் பதிலாக, புற்றுச் செல்கள் முதலில் வந்து சேரும் காவல் கணுவை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை 1990-களில் பரவியது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியான கணக்கின்படி, கணுக்களை முழுவதும் அகற்றியவர்களில் ஏறக்குறைய 20 சதவீதத்தினருக்கும், காவல் கணு மட்டும் எடுக்கப்பட்டவர்களில் 6 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கும் கை வீங்கியது.

ஏழாம் படி: புதிய ஆய்வுகளை வாசித்தல்

இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஆய்வு யாரிடம் நடந்தது என்பது. ஆய்வகங்களில் எலியின் வாலில் தோலையும் நிணநாளங்களையும் வெட்டி வீக்கத்தை உண்டாக்குவது வழக்கம். அந்த வீக்கம் சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடும். மனிதரின் வீக்கமோ அப்படி வடிவதில்லை. எனவே எலிவாலில் வீக்கத்தை விரைந்து குறைத்த மருந்து, மனிதரிடம் பத்தாண்டு கடந்த நார்த்திசுவின் முன் தோற்றுப்போவதில் வியப்பில்லை. லுகோட்ரையீன் பி4 என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும் உபெனிமெக்ஸ் எலிகளிடம் நம்பிக்கை தந்தது. 2018-இல் வெளியான மனிதச் சோதனையில் அது பயனளிக்கவில்லை. நிணநாள வளர்ச்சியைத் தூண்டும் மரபணுவை வைரஸ் வழியாகச் செலுத்தி, கணுப் பதிப்பு அறுவையோடு சேர்த்துக் கொடுத்த லிம்ஃபாக்டின் சிகிச்சையும் 2021-இல் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை.

இரண்டாவது கேள்வி, எதை அளந்தார்கள் என்பது. வலிநிவாரணியாக அறியப்படும் கீட்டோபுரோஃபென் தோலின் தடிப்பைக் குறைத்து, திசுவின் நுண்ணமைப்பையும் மேம்படுத்தியதாக 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. அது உண்மையான முன்னேற்றம்தான். ஆனால் உறுப்பின் கன அளவு குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. செய்தித் தலைப்பில் 'நிணநீர் வீக்கத்துக்கு மருந்து' என்று படிப்பவர் கை சிறுத்துவிடும் என்று எதிர்பார்ப்பார். அம்மருந்து வயிற்றையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கக்கூடியது என்பதால், தாமாக வாங்கி விழுங்குவது ஆபத்து.

மூன்றாவது, சதவீதம் எதன் சதவீதம் என்பது. வீங்காத கை 2,000 மி.லி., வீங்கிய கை 2,500 மி.லி. என்று கொள்வோம். சிகிச்சைக்குப் பின் வீங்கிய கை 2,350 மி.லி. ஆனால், மிகையாக இருந்த 500 மி.லி.யில் 150 குறைந்திருக்கிறது. 30 சதவீதம் என்று எழுதலாம். கையின் மொத்த அளவில் பார்த்தால் அதே குறைவு 6 சதவீதம். இரண்டும் பொய்யல்ல. உங்கள் நோட்டில் உள்ள எண்களை இரு முறையிலும் கணக்கிட்டுப் பாருங்கள். எந்த ஆய்வையும் அதோடு ஒப்பிடலாம்.

பொறிமுறை ஒன்று புரிந்துவிட்டது என்பதாலேயே சிகிச்சை கிடைத்துவிட்டது என்று ஆகாது. மூளையைச் சுற்றியுள்ள உறையில் நிணநாளங்கள் இருப்பதை 2015-இல் இரு ஆய்வுக்குழுக்கள் எலிகளிடம் காட்டியது உண்மையிலேயே பெரிய கண்டுபிடிப்பு. அதைத் தொடர்ந்து, கழுத்தின் நிணநாளங்களைச் சிரையோடு இணைத்தால் அல்சைமர் நோய் குறையும் என்ற எண்ணத்தில் சீனாவில் பல மருத்துவமனைகள் அறுவை செய்யத் தொடங்கின. போதிய சான்று இல்லை என்று அந்நாட்டின் தேசிய சுகாதார ஆணையம் 2025-இல் அதைத் தடைசெய்தது. இதற்கு மாறாக, மெதுவாகவும் முறையாகவும் வந்த பலன்களும் உண்டு. நுரையீரலில் நிணநாளச் செல்களோடு தொடர்புடைய கட்டித்திசு பெருகும் எல்.ஏ.எம். என்ற அரிய நோயில் சிரோலிமஸ் மூச்சுத்திறன் குறைவதைத் தடுத்ததை 2011-இல் ஒரு முறையான சோதனை காட்டியது; அம்மருந்து சிக்கலான நிணநாளக் குறைபாட்டுக் கட்டிகளுக்கும் இப்போது பயன்படுகிறது.

தேடத் தொடங்குபவர் பப்மெட் தளத்தில் ஆய்வுச் சுருக்கங்களையும், காக்ரேன் தொகுப்பில் பல சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்த மதிப்பீடுகளையும் பார்க்கலாம். சர்வதேச நிணநீரியல் சங்கம் அவ்வப்போது புதுப்பிக்கும் ஒருமித்த கருத்தறிக்கை, சிகிச்சை பற்றிய பொதுவான நிலைப்பாட்டை அறியச் சிறந்த தொடக்கம். நடைபெறும் மருந்துச் சோதனைகள் பொதுப் பதிவேடுகளில் பட்டியலிடப்பட்டிருக்கும்.

அத்தகைய சோதனையில் சேர அழைப்பு வந்தால், ஒப்பந்தத் தாளில் கையெழுத்திடும் முன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரு பிரிவினரும் அழுத்த உறையை ஒரே அளவில் அணிவார்களா? இல்லையென்றால், பலன் மருந்தினாலா உறையினாலா என்பதைப் பிரித்தறிய முடியாது. பலன் எத்தனை மாதங்கள் கழித்து அளக்கப்படும்? சில வாரங்களில் தெரியும் குறைவு ஓராண்டுக்குப் பின்னும் நிற்பதே நோயாளிக்கு முக்கியம். உங்கள் நோயின் நிலைக்கும் காரணத்துக்கும் அந்தச் சோதனை பொருந்துமா, விலக விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் விலகலாமா, பக்கவிளைவு ஏற்பட்டால் செலவை ஏற்பது யார் என்பவற்றையும் எழுத்தில் பெறுங்கள். சேர்ந்த பின்னும் உங்கள் நாடாவால் எடுக்கும் அளவை நிறுத்தாமல், ஆய்வாளர் எடுக்கும் அளவுக்குப் பக்கத்தில் தேதியோடு குறித்து வாருங்கள்.